திருச்சி பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டருக்கு டேட்டா ஏற மாட்டேன் என்கிறது: லைனைப் பார்ப்பதா, சொந்த சர்வர் வாங்குவதா?

#1 செக்காலை

வணக்கம். காரைக்குடி வளாகம் ஒன்றில் இயற்பியல், உயிரித் தகவலியல் என்ற இரண்டு துறைகளுக்கும் பொதுவாகக் கணிப்பு வசதி அமைக்க வேண்டும். நிலவரத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

இயற்பியலில் பேட்டரி கேதோடு பொருட்களுக்கு குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற சாஃப்ட்வேரில் டிஎஃப்டி (எலக்ட்ரான் அளவில் பொருளின் பண்பைக் கணிக்கும் முறை) கணக்குகள் ஓடுகின்றன. உயிரித் தகவலியலில் குரோமாக்ஸ் என்ற சாஃப்ட்வேர் வைத்து, புரதத்தின் அணுக்கள் அசைவதைக் காட்டும் சிமுலேஷன். இரண்டு குழுவுக்கும் என்ஐடி திருச்சியில் உள்ள பரம் பொருள் மெஷினில் அக்கவுன்ட் இருக்கிறது. வளாகத்துக்கு என்கேஎன் (தேசிய அறிவு வலையமைப்பு) 1 ஜிபிபிஎஸ் லைன் வந்து கம்ப்யூட்டர் சென்டரில் இறங்குகிறது. அங்கிருந்து அறிவியல் பிளாக் சுமார் 700 மீட்டர், ஃபைபர் போட்டிருக்கிறது.

லேபிலிருந்து திருச்சிக்கு ஃபைல் அனுப்பினால் நொடிக்கு 4 எம்பி தாண்டுவதில்லை. 1 டிபி அனுப்ப மூன்று நாள் ஆகிறது. அதே ஃபைலைக் கம்ப்யூட்டர் சென்டர் சர்வருக்கு அனுப்பினால் நொடிக்கு 80 எம்பி வருகிறது. அதனால் வளாகத்துக்குள் கோளாறு இல்லை, வெளி லைன்தான் காரணம் என்று கமிட்டியில் பேச்சு. தனியார் லைன் இன்னொன்று எடுக்கலாம் என்று ஒரு தரப்பு. கையில் உள்ள 25 லட்சத்துக்கும் ஜிபியு சர்வர் வாங்கிவிட்டால் திருச்சிப் பக்கம் போகவே வேண்டாம் என்று இன்னொரு தரப்பு. எது சரி?

#2 கோட்டையூர் ஃபைபர்

இரண்டும் இப்போது வேண்டாம். எந்த இடத்தில் பாக்கெட் (டேட்டா துண்டு) தொலைகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். உள்ளே 80 எம்பி வருவதை வைத்து வளாகம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவே முடியாது. ஏன் என்று அடுத்த பதிவில் சொல்கிறேன், முதலில் அளந்து வாருங்கள்.

ஸ்பீட் டெஸ்ட் வெப்சைட்டுகள் இதற்கு உதவாது. அவை ஒரே சமயம் பல இணைப்புகளைத் திறந்து, பக்கத்து ஊர் சர்வருடன் பேசிவிட்டுப் பெரிய எண்ணைக் காட்டும். ஐபெர்ஃப்3 என்ற வேகம் அளக்கும் கருவியைப் போடுங்கள். திருச்சிப் பக்கம் அதை ஓட்ட அங்குள்ள நிர்வாகிக்கு மெயில் எழுதி நேரம் கேளுங்கள், லாகின் நோடில் (எல்லோரும் உள்நுழையும் பொது மெஷினில்) நீங்களாக ஓட்டக் கூடாது.

எடுக்க வேண்டியவை:

ஒற்றை இணைப்பில் 60 நொடி. பிறகு 8 இணைப்பில் 60 நொடி. பிறகு ரிவர்ஸ் ஆப்ஷன் போட்டு எதிர்த்திசையில் அதே ஒற்றை இணைப்பு. கடைசியாக யூடிபியில் (தொலைந்த பாக்கெட்டைத் திரும்ப அனுப்பாத முறை) 200 எம்பிபிஎஸ் (மெகாபிட்; 8 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 1 எம்பி), பாக்கெட் நீளம் 1,400 பைட் என்று வைத்து இழப்புச் சதவீதம். யூடிபியில் நீளத்தைக் குறிப்பிடாமல் பெரிதாக விட்டால் பாக்கெட் துண்டுபட்டு இழப்பு அதிகமாகத் தெரியும். கூடவே பிங் 200 முறை அடித்து, பாக்கெட் போய் வரும் சராசரி நேரம்.

இவை எல்லாவற்றையும் லேபிலிருந்து ஒருமுறை, கம்ப்யூட்டர் சென்டரில் மெயின் சுவிட்சில் நேராகச் செருகிய லேப்டாப்பிலிருந்து ஒருமுறை எடுங்கள். இரண்டு இடத்து எண்களையும் பக்கத்தில் வைத்தால்தான் கோளாறு எந்தப் பாதியில் என்று தெரியும்.

#3 தேவகோட்டை ரஸ்தா

கோட்டையூர் அண்ணன் சொன்னதை முடித்துவிட்டு வாருங்கள், சர்வர் பேச்சைப் பிறகு வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னால் ஒரு தகவல் மட்டும் எடுத்து வையுங்கள்: கடந்த மூன்று மாதம் திருச்சியில் ஓட்டிய ஜாப்கள் கேட்ட நேரம் எவ்வளவு, உண்மையில் ஓடிய நேரம் எவ்வளவு, கேட்ட மெமரி எவ்வளவு, தொட்ட உச்சம் எவ்வளவு. ஸ்லர்மில் (அங்கே ஜாப்களை வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேர்) எஸ்அக்கவுன்ட் (sacct) கட்டளை போட்டால் எல்லாம் வரும். 25 லட்சத்தை எதில் போடுவது என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடும்.

பரம் பொருள் சின்ன மெஷின் இல்லை. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் மிஷனில் 2022 மே மாதம் தொடங்கிவைத்தது, 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. 25 லட்சத்தில் நீங்கள் எதை வாங்கினாலும் அதற்குப் பக்கத்தில்கூட வராது. அதைக் கையில் வைத்துக்கொண்டு டேட்டா ஏறவில்லை என்ற ஒரே காரணத்துக்காக விட்டுவிடுவது பெரிய நஷ்டம்.

#4 செக்காலை

அளந்துவிட்டோம். பிங் சராசரி திருச்சிக்கு 9 மில்லி செகண்ட், கம்ப்யூட்டர் சென்டருக்கு 0.4.

லேபிலிருந்து திருச்சிக்கு: ஒற்றை இணைப்பு 31 எம்பிபிஎஸ், 8 இணைப்பு 240. எதிர்த்திசை, அதாவது திருச்சியிலிருந்து லேபுக்கு 930. யூடிபி இழப்பு 0.26 சதவீதம்.

கம்ப்யூட்டர் சென்டர் லேப்டாப்பிலிருந்து திருச்சிக்கு: ஒற்றை இணைப்பிலேயே 935. யூடிபி இழப்பு பூஜ்யம்.

திருச்சி 90 கிலோமீட்டர்தானே, 9 மில்லி செகண்ட் அதிகமில்லையா?

#5 கோட்டையூர் ஃபைபர்

9 மில்லி செகண்டை விடுங்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும், 90 கிலோமீட்டர் போய் வர 0.9 மில்லி செகண்ட் போதும். ஆனால் ரோடு போகிற வழியில் லைன் போகாது. சென்னை சுற்றி வந்தாலே 7 தாண்டிவிடும். அது கோளாறு இல்லை.

கோளாறு உங்கள் வளாகத்துக்குள், லேபுக்கும் கம்ப்யூட்டர் சென்டருக்கும் நடுவில், போகிற திசையில் மட்டும் இருக்கிறது. என்கேஎன் லைன் சுத்தமாக இருக்கிறது. கணக்கு இதோ.

ஃபைல் அனுப்பும் டிசிபி முறை ஒவ்வொரு பாக்கெட் தொலையும்போதும் வேகத்தைக் குறைக்கும், பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் (பாக்கெட் போய்ப் பதில் வருவது) கொஞ்சமாக ஏற்றும். அதனால் சுற்று நேரம் நீண்டால் மீண்டெழுவதும் நீளும். 1997இல் வந்த மாத்திஸ் சூத்திரம் இதைத்தான் சொல்கிறது: வேகம் ஏறக்குறைய 1.22 × பாக்கெட் அளவு ÷ (சுற்று நேரம் × இழப்பின் வர்க்கமூலம்). பாக்கெட் 1,460 பைட், அதாவது 11,680 பிட். இழப்பு 0.0026, வர்க்கமூலம் 0.051. சுற்று நேரம் 0.009 நொடி. போட்டுப் பாருங்கள், 31 எம்பிபிஎஸ் வரும். நீங்கள் அளந்த அதே எண். அதே இழப்பை 0.4 மில்லி செகண்டில் போடுங்கள், 698 எம்பிபிஎஸ் வரும். உங்கள் 80 எம்பி என்பது 640 எம்பிபிஎஸ். ஒரே நோய் பக்கத்தில் இருப்பவனிடம் தெரியாது, தூரத்தில் இருப்பவனிடம் இருபது மடங்காகத் தெரியும். உள்ளே நன்றாகத்தான் இருக்கிறது என்று எல்லா வளாகத்திலும் நம்பி ஏமாறுவது இதனால்தான்.

சூத்திரம் ரீனோ என்ற பழைய டிசிபி முறைக்கு எழுதியது. லினக்ஸில் இப்போது இருக்கும் கியூபிக், நீண்ட தூரத்தில் கொஞ்சம் நன்றாகச் செய்யும். பிபிஆர் என்ற இன்னொரு முறைக்கு மாற்றினால் எண் உடனே ஏறும் என்று யாராவது சொல்வார்கள். ஏறும், உண்மை. ஆனால் பாக்கெட் தொலைவது அப்படியே இருக்கும், நோயை மூடிவைத்ததாக ஆகும். முதலில் இழப்பைக் கண்டுபிடியுங்கள்.

அடுத்து செய்ய வேண்டியது: கம்ப்யூட்டர் சென்டர் மெயின் சுவிட்சில், அறிவியல் பிளாக் வந்து சேரும் போர்ட்டின் கவுன்ட்டர்களைப் பாருங்கள். சிஆர்சி எரர் (கெட்டு வந்த பாக்கெட்), இன்புட் எரர் என்ற வரிகள். கவுன்ட்டரைப் பூஜ்யமாக்கி, அரைமணி டேட்டா ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால் அதே போர்ட்டில் எஸ்எஃப்பி மாட்யூலின் (ஃபைபரைச் செருகும் ஒளிக் கருவி) ஒளி அளவைக் கேளுங்கள், இரண்டு முனையிலும். அனுப்பும் அளவும் வாங்கும் அளவும் டிபிஎம்மில் வரும், எண் கீழே போகப் போக ஒளி குறைவு.

சிங்கிள் மோட் ஃபைபரில் கிலோமீட்டருக்கு 0.35 டிபி, ஒவ்வொரு கனெக்டருக்கும் அதிகம் போனால் 0.5 டிபி. 700 மீட்டருக்கு, நடுவில் நான்கு கனெக்டர் என்றாலும் இரண்டரை டிபிக்குள் முடிய வேண்டும். 1 ஜி எல்எக்ஸ் மாட்யூல் −19 டிபிஎம் வரை படிக்கும், அதற்குக் கீழே போனால் லிங்க் விழாது, ஆனால் பிட் பிழையாகும். லைட் எரிகிறது, லிங்க் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே பாக்கெட் தொலைவது அந்த இடத்தில்தான்.

#6 பள்ளத்தூர்

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் எங்காவது மீடியா கன்வர்ட்டர் பெட்டி (ஃபைபரைக் காப்பர் கேபிளுக்கு மாற்றுவது) இருக்கிறதா பாருங்கள். பழைய கன்வர்ட்டர் 100 எம்பிபிஎஸ் ஃபுல் டூப்ளெக்ஸ் என்று நிலையாக வைத்திருப்பார்கள், சுவிட்ச் ஆட்டோவில் இருக்கும். எதிர்முனை பேச்சுக்கு வராததால் சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு சமயம் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். அப்போது சிஆர்சியுடன் லேட் கொலிஷன் கவுன்ட்டரும் ஏறும். உங்களுக்கு எதிர்த்திசையில் 930 வருவதால் அப்படி இருக்காது என்று நினைக்கிறேன், இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது. கட்டடத்துக்குக் கட்டடம் காப்பர் கேபிள் ஓடினால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். ஐப்பசியில் இடி இறங்கும்போது இரண்டு கட்டடத்து எர்த்துக்கும் நடுவே வரும் வோல்ட்டேஜ் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும். இரண்டு முனை சுவிட்சும் சேர்ந்து போகும்.

#7 செக்காலை

கன்வர்ட்டர் இல்லை, இரண்டு முனையிலும் எஸ்எஃப்பிதான். மெயின் சுவிட்சில் சிஆர்சி ஏறிக்கொண்டே இருந்தது, லேட் கொலிஷன் பூஜ்யம். ஒளி அளவு:

அறிவியல் பிளாக் அனுப்புவது −6.1, மெயின் சுவிட்ச் வாங்குவது −21.3. எதிர்த்திசையில் அனுப்புவது −6.0, வாங்குவது −7.9.

அறிவியல் பிளாக் பேட்ச் பேனலில் அந்த எல்சி கனெக்டரை ஃபைபர் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். முனையின் நடுவில், சரியாகக் கோர் மேலேயே, செம்மண் தூசி அப்பியிருந்தது. ஓரத்தில் விரல் பட்ட எண்ணெய்த் தடம். ரேக் இருக்கும் அறையின் ஜன்னல் மண்ரோட்டைப் பார்த்தது, பேனலில் பயன்படுத்தாத துளைகளுக்கு மூடியும் இல்லை. 1.25 மில்லிமீட்டர் க்ளீனர் பேனாவால் கனெக்டரையும் அடாப்டர் உள்பக்கத்தையும் சுத்தம் செய்து திரும்பப் பார்த்துவிட்டுச் செருகினோம்.

இப்போது மெயின் சுவிட்ச் வாங்குவது −8.2. சிஆர்சி நகரவில்லை. லேபிலிருந்து திருச்சிக்கு ஒற்றை இணைப்பு 936. யூடிபி இழப்பு பூஜ்யம்.

#8 கோட்டையூர் ஃபைபர்

936 என்பது 1 ஜி லைனில் டிசிபி எட்டக்கூடிய உச்சத்துக்குப் பக்கம், தலைப்புகள் போக 941தான் கிடைக்கும். இனி 1 டிபி இரண்டரை மணி நேரத்தில் போய்ச் சேரும், டிஸ்க் ஈடு கொடுத்தால்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக: சிங்கிள் மோட் கோர் 9 மைக்ரான்தான். நம் ஊர் செம்மண் தூசியில் ஒரு துகள் அதை முழுதாக மறைத்துவிடும். கனெக்டரைக் கழற்றினால், செருகுவதற்கு முன் கட்டாயம் சுத்தம் செய்ய வேண்டும், பெட்டியிலிருந்து புதிதாக எடுத்ததாக இருந்தாலும். சட்டைத் துணியால் துடைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. லேசர் ஓடும்போது முனையைக் கண்ணால் பார்க்கக் கூடாது, ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கலாம். மூடியைத் தொலைக்காமல் ஒரு டப்பாவில் போட்டு ரேக்கிலேயே வையுங்கள்.

#9 குன்றக்குடி

இதே வளாகத்தில் உயிரித் தகவலியல் பக்கம் எங்கள் வேலை. திருச்சி சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் ஐரோப்பாவில் உள்ள களஞ்சியத்திலிருந்து சீக்வென்ஸ் ஃபைல் இறக்கும்போது இன்னும் 10 எம்பிபிஎஸ்தான். பிங் 150 மில்லி செகண்ட். இன்னொன்று, லட்சக்கணக்கான சின்ன ஃபைல் உள்ள ஒரு ஃபோல்டரைத் திருச்சிக்கு அனுப்பினால் பெரிய ஃபைலைப் போல ஏறுவதில்லை.

#10 கோட்டையூர் ஃபைபர்

சின்ன ஃபைல் விஷயம் எளிது. ஒவ்வொரு ஃபைலுக்கும் திறப்பு, அனுமதி, மூடல் என்று கேள்வி பதில் போய் வருகிறது. லட்சம் ஃபைல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று, சுற்றுக்கு 9 மில்லி செகண்ட்: காத்திருப்பது மட்டுமே அரைமணி. டார் ஆக்கி ஒரே ஃபைலாக அனுப்புங்கள். திருச்சிப் பக்கமும் அதை ஸ்க்ராட்சில் (தற்காலிகச் சேமிப்பு) லட்சம் துண்டாக அவிழ்த்து வைக்காதீர்கள், பேரலல் ஃபைல் சிஸ்டத்தில் ஃபைல் விவரங்களை வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வர் திணறி மற்றவர்கள் வேலையும் நின்றுபோகும்.

ஐரோப்பா விஷயத்தில் மூன்று இடம் பார்க்க வேண்டும்.

முதலில் இழப்பு. பத்தாயிரத்துக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால்கூட 150 மில்லி செகண்டில் 9.5 எம்பிபிஎஸ்தான் கிடைக்கும், மேலே சொன்ன சூத்திரத்திலேயே போட்டுப் பாருங்கள். உங்கள் எண்ணுக்கு அவ்வளவு நெருக்கமாக வருவதால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். வளாகத்து ஃபயர்வாலைப் பாருங்கள். வைரஸ் சோதனை, இன்ட்ரூஷன் தடுப்பு, அப்ளிகேஷன் கட்டுப்பாடு எல்லாம் போட்டபின் அந்தப் பெட்டி தாங்கும் வேகம், விளம்பரத் தாளில் போட்டிருப்பதில் ஒரு பங்குதான். அதன் உள் பஃபர் சின்னது, ஒரே இணைப்பு பெரிய அலையாக வரும்போது நிரம்பிக் கொட்டிவிடும். மாணவர்கள் ஹாஸ்டலில் வீடியோ பார்ப்பது சின்னச் சின்ன இணைப்புகள், அவை தப்பித்துவிடும். ஆய்வு டேட்டா மட்டும் அடிபடும்.

இரண்டாவது பஃபர். 1 ஜிபிபிஎஸ் × 150 மில்லி செகண்ட் = 18.75 எம்பி. அவ்வளவு டேட்டா வழியில் பறந்துகொண்டே இருந்தால்தான் லைன் நிரம்பும். லினக்ஸில் வழக்கமான உச்சம் அனுப்ப 4 எம்பி, வாங்க 6 எம்பி. கர்னல் அமைப்பில் பொது உச்சத்தை 64 எம்பிக்கும் டிசிபி ஆட்டோ டியூனிங் உச்சத்தை 32 எம்பிக்கும் ஏற்றுங்கள். எஸ்சிபி, எஸ்எஸ்ஹெச் வழி ஆர்சிங்க் ஆகிய ஃபைல் அனுப்பும் கட்டளைகள் என்றால் ஓபன்எஸ்எஸ்ஹெச் தன்னுடைய ஜன்னலையே (பதில் வருமுன் அனுப்பும் அளவு) 2 எம்பிக்குள் வைத்திருக்கும். 150 மில்லி செகண்டில் அது 110 எம்பிபிஎஸ் சொச்சம், கர்னலை எவ்வளவு ஏற்றினாலும் சரி. அதற்கு மேல் வேண்டுமானால் நான்கு ஆர்சிங்க் தனித்தனியாக ஓட்டுங்கள் அல்லது குளோபஸ் போன்ற கருவிக்குப் போங்கள்.

மூன்றாவது, நிலையான தீர்வு. அமெரிக்க ஆய்வு நெட்வொர்க்கான இஎஸ்நெட்டின் ஆட்கள் சயின்ஸ் டிஎம்இசட் என்று பெயர் வைத்த ஏற்பாடு. ஆய்வு டேட்டாவுக்கென்று ஒரே ஒரு டிரான்ஸ்ஃபர் சர்வர். அதை ஃபயர்வாலுக்குப் பின்னால் வைக்காமல் எல்லை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து, ரவுட்டரின் ஏசிஎல் என்ற அனுமதிப் பட்டியலால் காவல் போடுவது. ஏசிஎல் ஹார்டுவேரிலேயே ஓடும், பாக்கெட்டைத் தொலைக்காது. எந்த முகவரியிலிருந்து எந்த போர்ட்டுக்கு என்று எழுதி மீதி எல்லாவற்றையும் அடைத்துவிடுங்கள். அந்த மெஷினில் பிரவுசர், மெயில், மாணவர் அக்கவுன்ட் எதுவும் கூடாது. பாஸ்வேர்டு லாகினை மூடிவிட்டு எஸ்எஸ்ஹெச் கீ மட்டும். இப்படிச் சுருக்கி வைத்த மெஷின், ஃபயர்வாலுக்குப் பின்னால் அப்டேட் செய்யாமல் கிடக்கும் மெஷினைவிடப் பாதுகாப்பானது என்று கமிட்டியில் துணிந்து சொல்லலாம்.

#11 கானாடுகாத்தான்

லைன் சரியானதில் மகிழ்ச்சி. ஆனால் சொந்த சர்வரே வேண்டாம் என்ற முடிவுக்குப் போய்விடாதீர்கள். பாடம் நடத்தும் ஆசிரியராகச் சொல்கிறேன். எம்எஸ்சி மாணவர்கள் நாற்பது பேர் முதல்முறை இன்புட் ஃபைல் எழுதிப் பழக சூப்பர் கம்ப்யூட்டர் க்யூ சரிப்படாது. பத்து நிமிட டெஸ்ட் ஜாபுக்கு ஆறு மணி நேரம் காத்திருந்தால் அன்றைய பாடமே போய்விடும். கம்பைல் செய்து பார்ப்பது, கட்ஆஃப் கன்வர்ஜென்ஸ், டிராஜெக்டரி அலசல், படம் வரைதல் எல்லாம் கையருகில் இருந்தால்தான் நடக்கும். திருச்சியில் ஸ்க்ராட்ச் நிரந்தரச் சேமிப்பு இல்லை. முடிவுகளைப் பாதுகாக்க இங்கே இடம் வேண்டும். ஆராய்ச்சி மாணவர் முடித்துப் போன பிறகும் அவருடைய டேட்டா துறையில் இருக்க வேண்டாமா?

#12 தேவகோட்டை ரஸ்தா

மேடம் சொல்வது முழுக்க நியாயம். பெரிய ஓட்டத்துக்குத் திருச்சி, பழகவும் சோதிக்கவும் சேமிக்கவும் வளாகம் என்று பிரித்தால் 25 லட்சத்தை எங்கே போடுவது என்பது தெளிவாகிவிடும். ஒரே பெரிய ஜிபியு சர்வரில் எல்லாவற்றையும் போடாதீர்கள். இரண்டு குழுவின் கணக்கும் ஒரே வகை இல்லை.

குரோமாக்ஸ் கலப்புத் துல்லியத்தில் ஓடும், பெரும்பாலும் 32 பிட். அதற்கு ஆர்டிஎக்ஸ் 4090 வகை கார்டு போதும், 82 டெராஃப்ளாப்ஸ் தரும். அதே கார்டில் 64 பிட் வேகம் அதில் 64இல் ஒரு பங்கு, அதாவது 1.3 டெராஃப்ளாப்ஸ்தான். டிஎஃப்டிக்கு 64 பிட் வேண்டும், அந்தக் கார்டில் போட்டால் ஏமாற்றமே. ஏ100 கார்டு 64 பிட்டில் 9.7 தரும், ஆனால் அதை வாங்கினால் மற்றவற்றுக்குப் பணம் குறைந்துவிடும். டிஎஃப்டிக்கு நல்ல சிபியு நோடு ஒன்று வாங்குங்கள். ஜீஃபோர்ஸ் டிரைவர் உரிமத்தில் டேட்டா சென்டரில் வைக்கக் கூடாது என்ற பிரிவு இருக்கிறது, ஆகவே அதை லேபில் டவர் வொர்க்ஸ்டேஷனாக வாங்குங்கள்.

சிபியு நோடில் எல்லோரும் கோட்டைவிடும் இடம் மெமரி சேனல். டிஎஃப்டி, மெமரி வேகத்தை நம்பி ஓடும் கணக்கு. எபிக் 9004 வகை சிபியுவில் ஒரு சாக்கெட்டுக்கு 12 சேனல், டிடிஆர்5 4800 போட்டால் மொத்தம் நொடிக்கு 460 ஜிபி. அரசு கொள்முதலுக்கான ஜெம் போர்ட்டலில் "256 ஜிபி ராம்" என்று மட்டும் எழுதினால் 64 ஜிபி குச்சி நான்கைச் செருகி அனுப்புவார்கள். அப்போது கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு வேகம். "ஒரு சாக்கெட்டுக்கு 32 ஜிபி வீதம் 12, எல்லாச் சேனலும் நிரப்பியது" என்று டெண்டரில் எழுதுங்கள். கோர் எண்ணிக்கையை 96 என்று ஏற்றுவதைவிட 32 அல்லது 48 கோரும் நிரம்பிய சேனலும் டிஎஃப்டிக்கு அதிகம் வேலை செய்யும். ஐந்து வருட ஆன்சைட் வாரண்டி என்பதையும் எழுதுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது.

ஸ்டோரேஜுக்கு 16 டிபி டிஸ்க் எட்டு, இசட்எஃப்எஸ் ரெய்டு இசட்2. இரண்டு டிஸ்க் ஒரே சமயம் போனாலும் டேட்டா தப்பிவிடும். 96 டிபி கிடைக்கும், லினக்ஸ் அதை 87 என்று காட்டும், குறைந்துவிட்டது என்று பதற வேண்டாம். 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். ரெய்டு பேக்கப் ஆகாது. தவறிப்போய் அழித்ததை அது திருப்பித் தராது. இன்னொரு கட்டடத்தில் சின்னதாக ஒரு ஸ்டோரேஜ் வைத்து இரவில் ஸ்னாப்ஷாட் அனுப்புங்கள்.

இடம் போதவில்லை என்று குரோமாக்ஸ் குழு சொன்னால் முதலில் அவர்கள் எம்டிபி ஃபைலை (சிமுலேஷன் அமைப்புகளை எழுதுவது) பாருங்கள். லட்சம் அணு, 100 நானோ செகண்ட், 10 பிக்கோ செகண்டுக்கு ஒரு சட்டம் (ஃபிரேம்) என்றால் 10,000 சட்டம். டிஆர்ஆர் வகை ஃபைலில் இடமும் வேகமும் சேர்த்து எழுதினால் சட்டத்துக்கு 2.4 எம்பி, மொத்தம் 24 ஜிபி. சுருக்கிய எக்ஸ்டிசி வகை ஃபைலில் அது 4 ஜிபி அளவில் முடியும். அலசலுக்கு எக்ஸ்டிசியே போதும்.

திருச்சி ஜாப்களுக்கு, நீங்கள் அனுப்பிய எஸ்அக்கவுன்ட் பட்டியலைப் பார்த்துச் சொல்கிறேன். மூன்று மணி நேர ஜாபுக்கு 48 மணி நேரம் கேட்டிருக்கிறீர்கள். ஸ்லர்ம் பெரிய ஜாப்களுக்கு நடுவில் உள்ள இடைவெளிகளில் சின்ன ஜாப்களைச் செருகும். 48 மணி என்று கேட்டால் எந்த இடைவெளியிலும் அடங்காது. உண்மை நேரத்தோடு கால் பங்கு கூட்டிக் கேளுங்கள், நான்கு மணி போதும்.

எஸ்பிரெஸ்ஸோ ஜாப் சிலவற்றில் 48 கோர் நோடில் 48 எம்பிஐ ப்ராசஸ் (இணையாக ஓடும் நகல்), ஒவ்வொன்றும் 48 த்ரெட் என்று ஓடியிருக்கிறது, ஓஎம்பி த்ரெட் எண்ணிக்கையை 1 என்று வைக்காததால். ஒரே நோடில் 2,304 த்ரெட் அடித்துக்கொண்டால் பத்து மடங்குகூட மெதுவாகும். அதை 1 ஆக்குங்கள். கே பாயின்ட் 8 என்றால் பூல் (ப்ராசஸ்களைப் பிரிக்கும் குழு) எண்ணிக்கை 8 கொடுங்கள், பூலுக்கு 6 ப்ராசஸ் வரும். 48ஐ 7ஆகப் பிரிக்கப் பார்த்தால் எரர் அடித்து நின்றுவிடும். குரோமாக்ஸில் கேட்ட நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேக்ஸ்ஹெச் கொடுங்கள். 24 மணி கேட்டால் 23.5. அது தானாகச் செக்பாயின்ட் எழுதி ஒழுங்காக நிற்கும், அடுத்த ஜாப் அதிலிருந்து தொடரும்.

#13 பள்ளத்தூர்

மெஷின் பட்டியல் வந்துவிட்டதால் கரன்ட் கணக்கு. சிபியு நோடு 1 கிலோவாட், 4090 இரண்டு போட்ட டவர் 1.3, ஸ்டோரேஜும் சுவிட்சும் 0.5. மொத்தம் 2.8 கிலோவாட். அவ்வளவும் சூடாக வெளியே வரும். 1 டன் ஏசி 3.5 கிலோவாட் சூட்டை இழுக்கும், ஆக மெஷினுக்கு மட்டும் 0.8 டன். சித்திரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் அதன் சூடு தனி. ஒன்றரை டன் ஸ்ப்ளிட் இரண்டு வைத்து டைமரில் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே ஏசியை 24 மணி நேரமும் ஓட்டினால் சீக்கிரம் பழுதாகும். மெஷினுக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏசி நின்றால் சின்ன அறை சில நிமிடங்களில் 40 தாண்டும். அதனால் 35இல் ஜாப்களை நிறுத்தி மெஷினை அணைக்கும் ஸ்க்ரிப்ட் கட்டாயம்.

யுபிஎஸ் 6 கேவிஏ ஆன்லைன், பவர் ஃபேக்டர் 0.9 என்றால் 5.4 கிலோவாட், பாதிச் சுமையில் நிற்கும். 12 வோல்ட் 26 ஆம்பியர் பேட்டரி 16 போட்டால் புதிதில் 45 நிமிடம் எதிர்பார்க்கலாம். பேட்டரியை வராந்தாவில் வைக்காதீர்கள். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும். யுபிஎஸ்ஸிலிருந்து யுஎஸ்பி கேபிள் ஸ்டோரேஜ் சர்வருக்குப் போக வேண்டும். நட் சாஃப்ட்வேர் போட்டால் பேட்டரி குறையும்போது எல்லா மெஷினையும் வரிசையாக அணைக்கும், ஸ்டோரேஜைக் கடைசியில்.

எர்த்தை மறக்காதீர்கள். நம் பக்கம் கீழே செம்புராங்கல், கோடையில் ஈரமே இருக்காது. எர்த் பிட் போட்ட அன்று நல்ல அளவு காட்டி, பங்குனியில் பல மடங்கு ஏறிவிடும். சர்வருக்குத் தனி எர்த் பிட் எடுத்து, கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீர் விட்டு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரில் 2 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை எழுதி வையுங்கள்.

#14 செக்காலை

தனியார் லைன் யோசனையைக் கமிட்டி கைவிட்டுவிட்டது. ரஸ்தா அண்ணன் சொன்ன பட்டியலை டெண்டராக எழுதுகிறோம். கடைசியாக ஒன்று: ஸ்டோரேஜ் அறிவியல் பிளாக்கிலும் டிரான்ஸ்ஃபர் சர்வர் கம்ப்யூட்டர் சென்டரிலும் இருக்கப் போகிறது. நடுவில் உள்ள 1 ஜியை 10 ஜி ஆக்க ஃபைபரை மாற்ற வேண்டுமா?

#15 கோட்டையூர் ஃபைபர்

நடுவில் ஓடுவது எல்லாம் சிங்கிள் மோட் என்றால் மாற்ற வேண்டாம் தம்பி. 10 ஜி எல்ஆர் மாட்யூல் இரண்டு வாங்கினால் போதும், அதே இழையில் 10 கிலோமீட்டர் வரை போகும். ஆனால் எல்ஆர், −14.4 டிபிஎம் வரைதான் படிக்கும், எல்எக்ஸ் போல −19 வரை பொறுக்காது. இப்போது −8.2 வருகிறது, 6 டிபி கையிருப்பு. தூசி மறுபடி ஏறினால் 1 ஜியில் தாங்கியது 10 ஜியில் தாங்காது. அதனால் ஒளி அளவை எஸ்என்எம்பி (சுவிட்சைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் முறை) வழியாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து, −11க்குக் கீழே போனால் மெயில் வரும்படி வையுங்கள்.

வாங்குவதற்கு முன் சுவிட்சில் எஸ்எஃப்பி பிளஸ் போர்ட் இருக்கிறதா, அந்தக் கம்பெனி சுவிட்ச் வேறு கம்பெனி மாட்யூலை ஏற்குமா என்று பாருங்கள். டக்டில் இருக்கும் கேபிளின் மேலுறையில் அச்சடித்திருப்பதையும் படித்துவிடுங்கள். பேட்ச் கார்டு மஞ்சளாக இருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ஓஎஸ்2 (சிங்கிள் மோட்) என்று இருந்தால் வாங்கலாம். ஓஎம்1, ஓஎம்2 (மல்டி மோட்) என்று இருந்தால் இங்கே எழுதுங்கள், 700 மீட்டருக்கு 10 ஜி எஸ்ஆர் அதில் எட்டாது, அப்போது புது கேபிள்தான் இழுக்க வேண்டும்.

#16 செக்காலை

படித்துவிட்டோம். ஓஎஸ்2, 12 இழை. இப்போது ஓடும் இரண்டு போக மீதி பத்தும் பேனலில் டெர்மினேட் ஆகிச் சும்மா இருக்கின்றன.

#17 கோட்டையூர் ஃபைபர்

அப்படியென்றால் புது ஜோடியில் 10 ஜி போடுங்கள், பழைய 1 ஜியைக் கழற்ற வேண்டாம், மாற்று வழியாக இருக்கட்டும். செருகுவதற்கு முன் பத்து இழையின் இரண்டு முனையையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சுத்தம் செய்து, பவர் மீட்டரில் ஒவ்வொன்றின் இழப்பையும் எழுதி ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். குறைவான இழப்பு உள்ள ஜோடியை 10 ஜிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.